திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு: சிங்கப்பூர்த் தமிழ்ச் சபைகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

நவம்பர் பாதி தாண்டுவதற்குள் ஆர்ச்சர்ட் ரோட்டில் விளக்கு எரியத் தொடங்கிவிடும். எந்தக் கடைத்தொகுதிக்குள் நுழைந்தாலும் கிறிஸ்துமஸ் பாட்டு. ஆலயத்திலும் அதே வேகத்தில் மரம், நட்சத்திரம், குடில் எல்லாவற்றையும் முதல் ஞாயிறே இறக்கிவிடலாமே என்று கமிட்டியில் ஒருவராவது கேட்பார். வேண்டாம். கிறிஸ்துமஸுக்கு முந்திய நான்கு ஞாயிறுகள் அடங்கிய திருவருகைக் காலம் காத்திருப்புக்கான காலம். அந்த முதல் ஞாயிறு, பச்சை வளையத்தில் நிற்கும் நான்கு மெழுகுவத்திகளில் ஒன்றுதான் எரிய வேண்டும். எதை வைப்பது என்பதோடு எதை இன்னும் வைக்காமல் இருப்பது என்பதையும் முடிவு செய்வதே இந்த ஞாயிற்றுக்கான பாதி வேலை. மீதிப் பாதி மெழுகும் இலையும் ஆட்களும்.

கீழே உள்ளவை கத்தோலிக்க, ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், லுத்தரன் சபைகளுக்குப் பொதுவாகப் பொருந்தும். முறை மாறும் இடங்களைத் தனியாகச் சொல்லியிருக்கிறோம்.

எந்த நாள், எந்த வாசகம்

நவம்பர் 30 புனித அந்திரேயா நாள். அதற்கு மிக அருகில் வரும் ஞாயிறே திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. ஆகவே அது நவம்பர் 27-க்கு முன்னும் வராது, டிசம்பர் 3-க்குப் பின்னும் வராது. 2026-ல் நவம்பர் 29, 2027-ல் நவம்பர் 28, 2028-ல் டிசம்பர் 3.

திருவழிபாட்டு ஆண்டும் அன்றே மாறுகிறது. வாசகங்களின் மூன்றாண்டுச் சுழற்சியில் 2026 திருவருகையில் இரண்டாம் ஆண்டு தொடங்குகிறது. முதல் ஞாயிறு நற்செய்தி மாற்கு 13, ‘விழிப்பாயிருங்கள்’ என்ற பகுதி. 2027-ல் மூன்றாம் ஆண்டு, லூக்கா 21. 2028-ல் மீண்டும் முதல் ஆண்டு, மத்தேயு 24. மூன்றுமே உலக முடிவையும் விழித்திருத்தலையும் பற்றியவை. மாட்டுத்தொழுவமும் இடையர்களும் இந்த ஞாயிற்றில் கிடையாது. மறையுரையையும் பாடல்களையும் தயாரிப்பவர்கள் இதை முன்கூட்டியே பார்த்துவிட்டால், ‘கிறிஸ்துமஸ் பாட்டு ஒன்று பாடிவிடலாமே’ என்ற பேச்சு தானாக அடங்கும்.

கத்தோலிக்க முறையில் இரண்டாம் ஆண்டின் முதல் வாசகம் எசாயா 63, 64 அதிகாரங்களிலிருந்து வருகிறது. கத்தோலிக்கத் திருப்பலியில் இடையே சில வசனங்கள் விடுபடும். வாசகர் நேராக விவிலியத்தைத் திறந்து வாசித்தால் தவறான வசனங்களுக்குப் போய்விடுவார். வாசக நூலிலிருந்தோ அச்செடுத்த தாளிலிருந்தோதான் வாசிக்க வேண்டும். தமிழ் பேச வந்தாலும் எழுத்துக்கூட்டி வாசிக்கத் தடுமாறும் இளையர்களுக்கு, பெரிய எழுத்தில், மூச்சு விடும் இடங்களில் வரியை உடைத்து அச்சிட்டு, இரண்டு வாரம் முன்பே கொடுங்கள்.

ஆட்களைப் பிடிப்பது அக்டோபரில்

சிங்கப்பூரில் ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறை நவம்பர் பிற்பாதியில் தொடங்கும். அன்றே பாதிக் குடும்பங்கள் சென்னைக்கோ திருச்சிக்கோ விமானம் ஏறிவிடும். நவம்பரில் பெயர் கேட்கத் தொடங்கினால் பாடகர் குழுவில் இரண்டு குரல்தான் மிஞ்சும். அக்டோபர் முதல் வாரத்திலேயே ஒரு தாளை ஒட்டி, நான்கு ஞாயிறுகளுக்கும் யார் ஊரில் இருப்பார்கள் என்று கையெழுத்து வாங்குங்கள். மெழுகுவத்தி ஏற்றும் நான்கு குடும்பங்கள், அவர்களுக்கு மாற்றாக இரண்டு குடும்பங்கள், அலங்காரத்துக்கு ஐந்து பேர், ஒலிபெருக்கிக்கும் திரைக்கும் ஒவ்வொருவர். இவ்வளவு போதும்.

தங்குவிடுதிகளிலிருந்து வரும் ஊழியர்களை இந்தத் தாளில் சேர்க்க மறந்துவிடுகிறோம். டிசம்பரில் பலர் விடுப்பு கிடைக்காமல் இங்கேயே இருப்பவர்கள். ஞாயிறு மாலை ஆராதனைக்குத் தவறாமல் வருபவர்களும் அவர்களே. மெழுகுவத்தி ஏற்றுவது ‘குடும்பம்’தான் என்று சட்டமில்லை. ஒரே அறையில் தங்கும் நான்கு நண்பர்கள் ஏற்றலாம். ஆனால் ஞாயிறு வேலை கடைசி நேரத்தில் விழும் என்பதால் அவர்களுக்கு மாற்றாள் கட்டாயம்.

வளையம்: அளவும் எடையும்

பச்சை வளையத்தில் மெழுகுவத்தி வைக்கும் வழக்கம் ஜெர்மானிய லுத்தரன் வீடுகளிலிருந்து பரவியது. 1839-ல் ஹாம்பர்க்கில் யோஹான் ஹின்ரிச் விக்கர்ன் என்ற போதகர், ஆதரவற்ற பிள்ளைகளின் இல்லத்தில் ஒரு வண்டிச் சக்கரத்தில் மெழுகுவத்திகளை நிறுத்தினார். ஞாயிறுகளுக்குப் பெரிய வெள்ளை, வார நாட்களுக்குச் சிறிய சிவப்பு. கிறிஸ்துமஸ் எப்போது என்று நச்சரித்த பிள்ளைகளுக்கு நாள் எண்ணக் கொடுத்த கருவி அது. இன்றுள்ள நான்கு மெழுகுவத்தி வளையம் அதன் சுருக்கம்.

வீட்டு வளையத்துக்கு 30 முதல் 35 செ.மீ. விட்டம் போதும். ஆலயத்துக்கு 90 செ.மீ. இல்லாவிட்டால் கடைசி வரிசைக்குத் தெரியாது. தாங்கியின் உயரம் 90 முதல் 100 செ.மீ. பீடத்தை மறைக்காமல், வாசக மேடைக்கு எதிர்ப்புறம் வையுங்கள். பீடத்தின் மேலேயே வைப்பது பார்க்க அழகுதான். ஆனால் பீடம் அதற்கான இடமல்ல, கிண்ணங்களும் நூலும் நகர இடமும் இருக்காது.

பசுமைக்குப் பூக்கடை நுரைக்கட்டி பயன்படுத்துவோர் எடையைக் கணக்கில் வைப்பதில்லை. வழக்கமான கட்டி 23 x 11 x 8 செ.மீ. முழுதாக நனைந்தால் ஒன்று ஏறக்குறைய 2 கிலோ. 90 செ.மீ. வளையத்தைச் சுற்றிவர 11, 12 கட்டி வேண்டும் என்றால் 24 கிலோ. மெல்லிய கால் கொண்ட தாங்கி இதைத் தாங்காது. கட்டியை நீளவாக்கில் இரண்டாக அறுத்தால் ஆறு கட்டியில் வேலை முடியும், எடையும் பாதி.

செய்முறை இதுதான்:

1. வாளியில் தண்ணீர் நிரப்பி, கட்டியை மேலே மிதக்கவிட்டுத் தானாக மூழ்க விடுங்கள். கையால் அழுத்தினால் உள்ளே காற்று அடைபட்டு, நடுப்பகுதி காய்ந்தே இருக்கும். அங்கே குத்திய தண்டு இரண்டாம் நாளே வாடும்.
2. விளிம்புள்ள தட்டில் கட்டிகளை அடுக்கி, பச்சை டேப்பால் தட்டோடு சேர்த்துக் கட்டுங்கள்.
3. பருத்த மெழுகுவத்திகளை நுரைக்கட்டியில் குத்தாதீர்கள். எடை தாங்காமல் சாயும். கால்வட்டத்துக்கு ஒன்றாக நான்கு உலோகத் தட்டு நிறுத்தி அதன்மேல் வையுங்கள். மெல்லிய மெழுகுவத்தி என்றால் அடியில் நான்கு பல்குத்தும் குச்சிகளை டேப்பால் சுற்றி, 4 செ.மீ. வெளியே நீளவிட்டு அதைக் குத்தலாம்.
4. பிறகு இலை. வெளி விளிம்பில் 4 செ.மீ.க்கு ஒரு தண்டு என்றால் 70 தண்டு, உள் விளிம்புக்கும் மேற்புறத்துக்கும் இன்னொரு 50. 35 செ.மீ. வீட்டு வளையத்துக்கு மொத்தம் 40 தண்டு தாராளம்.
5. இலையின் உச்சிக்கும் சுடருக்கும் இடையே தொடக்கத்தில் குறைந்தது 10 செ.மீ. இருக்கட்டும். 5 செ.மீ.க்கு இறங்கியதும் மெழுகுவத்தியை மாற்றிவிடுங்கள்.

கிறிஸ்துமஸ் மர வகையான ஃபர் மரத்தின் கிளைகள் குளிர்நாட்டிலிருந்து வர வேண்டியவை. நர்சரிகளுக்கு வந்துசேர நவம்பர் பிற்பகுதி ஆகிவிடும், கப்பல் தாமதமானால் முதல் ஞாயிறு தவறிப்போகும். அதை நம்பி இருக்காதீர்கள். ஃபெர்ன், ருஸ்கஸ், டிராசீனா போன்ற கனத்த இலைகள் ஆண்டு முழுதும் கிடைக்கும். ஏர்கான் குளிரில் ஏழு முதல் பத்து நாள் நிற்கும். 1888-ல் தமிழ்க் கத்தோலிக்கருக்காகக் கட்டப்பட்ட ஓஃபிர் ரோட்டு லூர்து அன்னை ஆலயம், ஷார்ட் ஸ்ட்ரீட் தமிழ் மெதடிஸ்ட் ஆலயம், டோர்செட் ரோட்டு கிறைஸ்ட் சர்ச் மூன்றும் தேக்காவிலிருந்து நடக்கும் தூரம்தான். அங்கே பூக்கட்டும் கடைகளில் வெள்ளிக்கிழமையே சொல்லிவைத்தால் சனிக்கிழமை காலை இலை தயாராக இருக்கும். சாலையோர மரத்திலோ பூங்காவிலோ கிளை ஒடிப்பது குற்றம். சவுக்கு இலை ஃபர் போலத் தெரியும் என்று சிலர் தேடுவார்கள். காய்ந்தால் பொசுக்கென்று பற்றிக்கொள்ளும், தவிர்த்துவிடுங்கள்.

பூ? கத்தோலிக்க முறையில் இந்தக் காலத்தில் பூவும் இசைக்கருவியும் அளவோடு இருக்க வேண்டும். மல்லிகைச் சரம் சுற்றுவதைக் கிறிஸ்துமஸுக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஒன்று மறக்கக் கூடாது. தட்டில் தேங்கும் தண்ணீர். இது சிங்கப்பூர், மழைக்காலம் வேறு. ஒருநாள் விட்டு ஒருநாள் தட்டைச் சாய்த்துத் தண்ணீரைக் கொட்டி, கட்டியின் மேல் புதுத் தண்ணீர் ஊற்றுங்கள். வார நாட்களில் ஆலயம் பூட்டிக் கிடக்கும் சபைகளில் இதற்கென்று ஒருவர் பெயரை எழுதி வைக்காவிட்டால், இரண்டாம் ஞாயிற்றுக்குள் ஏடிஸ் கொசு குடும்பத்தோடு சபையில் சேர்ந்திருக்கும்.

மெழுகுவத்தி: எல்லாரும் தவறுகிற கணக்கு

நிறம் முதலில். மூன்று ஊதா, ஒன்று ரோஜா நிறம், நடுவில் வெள்ளை. ரோஜா நிறம் மூன்றாம் ஞாயிற்றுக்கு, அது மகிழ்ச்சியின் ஞாயிறு. சில சபைகள் நான்கும் ஊதாவாகவோ நீலமாகவோ வைக்கின்றன. அவரவர் மரபு. நான்குக்கும் எதிர்நோக்கு அல்லது நம்பிக்கை, அமைதி, மகிழ்ச்சி, அன்பு என்று பெயர் சொல்வது பரவலான வழக்கம்.

ஊதா மெழுகுவத்தி இங்கே சாதாரணக் கடையில் கிடைப்பது அபூர்வம். வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதாக இருந்தால் அக்டோபரிலேயே ஆர்டர் போடுங்கள். வெயிலில் கிடந்து வளைந்து வந்துசேர்ந்தால், கை பொறுக்கும் சூட்டுத் தண்ணீரில் (40 முதல் 45 டிகிரி) சில நிமிடம் ஊறவைத்து, சமமான மேசையில் உருட்டினால் நிமிர்ந்துவிடும். கிடைக்கவே இல்லையென்றால் வெள்ளை மெழுகுவத்தியின் அடி மூன்றில் ஒரு பங்கில் ஊதா ரிப்பன் சுற்றுங்கள். பெயிண்ட் அடிக்க வேண்டாம், எரியும்போது படபடவென்று வெடித்துப் புகையும்.

இனி எரியும் நேரம். முதல் மெழுகுவத்தி நான்கு ஞாயிறும் எரிய வேண்டும். வாரம் ஒரே ஆராதனை, ஒன்றரை மணி நேரம் என்றால் மொத்தம் ஆறு மணி நேரம். 2.2 செ.மீ. பருமன், 25 செ.மீ. உயரமுள்ள மெல்லிய மெழுகுவத்தி எட்டு முதல் பத்து மணி நேரம் வரும், போதும். ஆனால் தமிழ், ஆங்கிலம், மாண்டரின் என்று வார இறுதியில் ஐந்து திருப்பலி நடக்கும் பங்கில் 75 நிமிடம் வீதம் வாரத்துக்கு ஆறேகால் மணி நேரம், நான்கு வாரத்துக்கு 25 மணி நேரம். அங்கே 7.5 செ.மீ. பருமன், 15 செ.மீ. உயரமுள்ள தூண் மெழுகுவத்திதான் சரி.

தூண் மெழுகுவத்தியில் ஒரு சூட்சுமம் உண்டு. முதல் முறை ஏற்றும்போது மேற்பரப்பு முழுதும் உருகி விளிம்பைத் தொடும்வரை எரியவிட வேண்டும். 2.5 செ.மீ. பருமனுக்கு ஒரு மணி நேரம் என்று கணக்கு, 7.5 செ.மீ.க்கு மூன்று மணி நேரம். அதற்குள் அணைத்துவிட்டால் நடுவில் மட்டும் குழி விழும். அடுத்த முறையும் அந்தக் குழிக்குள்ளேயே எரிந்து, உருகிய மெழுகு திரியை மூழ்கடித்து, மூன்றாம் ஞாயிறு தீப்பெட்டி காலியாகும் வரை பற்றாது. எனவே சனிக்கிழமைக்கு முன்பே, பின்னறையில் காற்றில்லாத இடத்தில், ஒருவர் உடனிருந்து நான்கையும் மூன்று மணி நேரம் எரித்துப் பழக்கி வையுங்கள். ஒவ்வொரு முறையும் ஏற்றுமுன் திரியை அரை செ.மீ.க்கு வெட்டுங்கள். நீளத் திரி கரியாகப் புகையும்.

முதல் மெழுகுவத்தி குட்டையாகவும் நான்காவது நெட்டையாகவும் நிற்பது குறையல்ல, சரிப்படுத்த வேண்டாம். கடந்த வாரங்கள் அப்படித்தான் கண்ணுக்குத் தெரியும்.

தொழிற்பேட்டைக் கட்டடத்திலோ வாடகை அரங்கத்திலோ கூடும் சபைகள், நெருப்புக்கு அனுமதி உண்டா என்று நிர்வாகத்திடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் பேட்டரி மெழுகுவத்தி. அதை ரிமோட்டால் ஏற்றாமல், குடும்பம் அருகில் போய்க் கையால் ஏற்றினால் அதே உணர்வு வரும்.

சனிக்கிழமை மாலை

கத்தோலிக்கப் பங்குகளில் திருவருகை சனிக்கிழமை மாலைத் திருப்பலியிலேயே தொடங்கிவிடுகிறது. முந்தைய ஞாயிறு கிறிஸ்து அரசர் பெருவிழா, வெள்ளைத் துணி. அதற்கடுத்த வார நாட்கள் பச்சை. சனி மாலை ஊதா. இந்த மூன்று மாற்றத்தில் நடுவிலுள்ள பச்சையை விட்டுவிட்டு வெள்ளையோடேயே வாரத்தை ஓட்டும் பங்குகள் உண்டு. மற்ற சபைகளில் பிரசங்க மேடைத் துணியையும் வேதாகமக் குறியையும் சேர்த்தே மாற்றுங்கள், இல்லாவிட்டால் மேடை ஊதாவாக இருக்கையில் குறி மட்டும் பச்சையில் தொங்கும்.

திருப்பலிக்கு இரண்டு மணி நேரம் முன் வளையத்தை அதன் இடத்தில் வைத்து, ஏர்கானையும் மின்விசிறிகளையும் வழக்கமான வேகத்தில் போட்டு, ஒரு மெழுகுவத்தியைப் பத்து நிமிடம் ஏற்றிப் பாருங்கள். சுடர் ஒரே பக்கம் சாய்ந்தால் மெழுகு அந்தப் பக்கமாக வழிந்து சீக்கிரம் கரையும். வளையத்தை அரை மீட்டர் நகர்த்தினாலே பெரும்பாலும் சரியாகும், இல்லாவிட்டால் அருகிலுள்ள ஒரு விசிறியை நிறுத்துங்கள். கண்ணாடி அல்லது பித்தளை வளையத்தொப்பி மெழுகின் உச்சியில் மாட்டினால் வழிவது இன்னும் குறையும். தீயணைப்பான் எங்கே இருக்கிறது என்று பீடச் சிறுவர்களுக்கும் தெரிந்திருக்கட்டும்.

திரையில் பாடல் போடுபவருக்கு ஒரு வார்த்தை. கத்தோலிக்க, ஆங்கிலிக்கன் முறையில் திருவருகை ஞாயிறுகளில் ‘உன்னதங்களிலே’ பாடுவதில்லை, அல்லேலூயா உண்டு. போன வாரக் கோப்பை நகலெடுத்துத் திருத்துவதே வழக்கம் என்பதால் அந்தப் பக்கம் அப்படியே தங்கிவிடும். திரையில் வந்துவிட்டால் கீபோர்டு வாசிப்பவரின் கை தானாக ஆரம்பித்துவிடும், சபை முழுதும் சேர்ந்துகொள்ளும், பிறகு யாராலும் நிறுத்த முடியாது. அந்தப் பக்கத்தை மறைத்தால் போதாது, அழித்துவிடுங்கள்.

ஏற்றும் சடங்கு

கத்தோலிக்க முறையில் வளையத்தை மந்திரிப்பது பொதுவாக முதல் திருப்பலியில், பொது மன்றாட்டுகள் முடிந்ததும். குரு தமக்குரிய நூலின் செபத்தைச் சொல்வார், பிறகு முதல் மெழுகுவத்தி ஏற்றப்படும். மற்ற மொழித் திருப்பலிகளும் அதே வளையத்தைப் பயன்படுத்தினால் மீண்டும் மந்திரிக்க வேண்டியதில்லை, தொடக்கத்திலேயே ஏற்றிவிடலாம். பின்வரும் ஞாயிறுகளில் தனிச் சடங்கு எதுவும் தேவையில்லை. மெதடிஸ்ட், லுத்தரன் ஆராதனையில் ஆராதனை அழைப்புக்குப் பின் குடும்பம் முன்வந்து, வசனம் வாசித்து, செபித்து, ஏற்றி, ஒரு சரணம் பாடி முடிப்பது வசதி.

மொத்தம் மூன்று நிமிடம் தாண்டக் கூடாது. தாத்தா வசனம் வாசிக்க, அம்மா செபிக்க, பிள்ளை ஏற்றட்டும். பத்து வயதுக்குக் கீழ் என்றால் பெரியவர் கை சேர்ந்திருக்கட்டும், நீண்ட கைப்பிடியுள்ள ஏற்றி கொடுங்கள், தீக்குச்சி வேண்டாம். ஏசாயா 9-ல் இருளில் நடந்த மக்கள் பேரொளியைக் கண்ட வசனம் இதற்குப் பொருந்தும். செபம் எழுத நேரமில்லாதோர் இதை எடுத்துக்கொள்ளலாம்:

‘ஆண்டவரே, உம் வருகைக்காகக் காத்திருக்கும் எங்களைப் பாரும். இந்தச் சிறு ஒளி எங்கள் வீட்டிலும் வேலையிடத்திலும் அணையாதிருக்கட்டும். ஊரை விட்டு வந்து இங்கே உழைப்போரையும், அவர்களுக்காக அங்கே காத்திருப்போரையும் நினைத்தருளும். நீர் வரும் நாளில் நாங்கள் விழித்திருக்கச் செய்யும். ஆமென்.’

ஒளிக்காக மண்டப விளக்கை அணைப்பவர்கள், வாசிப்பவரின் தாளுக்கு மேல் ஒரு விளக்கை விட்டுவையுங்கள். பெரிய திரை முழு வெளிச்சத்தில் இருந்தால் மெழுகுவத்தி கண்ணுக்கே தெரியாது, கறுப்புப் பக்கம் போடுங்கள். முடிந்தபின் வாயால் ஊதக் கூடாது, உருகிய மெழுகு துணியில் தெறிக்கும். அணைப்புக் கிண்ணத்தால் மூடுங்கள். தெறித்துவிட்டால் ஐஸ் வைத்து இறுகவிட்டுச் சுரண்டி, மிச்சத்துக்கு இரண்டு பக்கமும் வெள்ளைத் தாள் வைத்து இலேசான சூட்டில் இஸ்திரி போடுங்கள்.

குடில், நட்சத்திரம், வீடு

குடிலை முதல் ஞாயிறே வைக்க விரும்பினால் காலித் தொட்டியை மட்டும் வையுங்கள். ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் வாரம் ஒரு நற்செயலுக்கு ஒரு பிடி வைக்கோல் போட்டு, டிசம்பர் 24 இரவுக்குள் தொட்டியை நிரப்பட்டும். வைக்கோலுக்கு எங்கே போவது? செல்லப்பிராணிக் கடையில் முயலுக்கு விற்கும் திமோத்தி புல்தான், ஒரு கிலோ பை முழுக் குடிலுக்கும் போதும். தும்மல் வரும் பிள்ளைகளுக்குக் கத்தரித்த காகிதம் கொடுங்கள். நட்சத்திரத்தைத் தொங்கவிடுவது நம் பழக்கம், அதை மட்டும் முதல் ஞாயிறே செய்வதில் தவறில்லை. மரத்துக்கு மூன்றாம் ஞாயிறு வரை பொறுக்கலாம்.

வீட்டில் ஏற்றுவோர் இரவு உணவு மேசையில் பத்து நிமிடம் ஏற்றி, செபித்து, அணைத்துவிட்டால் போதும். வீவக வீட்டின் தாழ்வாரத்திலோ செருப்பு அலமாரி மேலோ வைக்க வேண்டாம், அது எல்லாரும் வெளியேறும் வழி. புளோக் கீழ்த்தளத்தில் சிறு கூட்டுச் செபம் நடத்த நகர மன்றத்தின் அனுமதி வாங்க வேண்டும். டிசம்பர் கேரல் பவனிக்கான வீட்டுப் பட்டியலையும் இந்த ஞாயிறே திறந்துவிடுங்கள். கடைசி வீட்டை இரவு 10 மணிக்குள் முடிக்கும்படி பாதை போடுங்கள்.

ஆராதனைக்குப் பின் கோப்பியும் சுண்டலும் போதும். பிரியாணி கிறிஸ்துமஸுக்கு. கேக்குக்குப் பழம் ஊறவைக்காதவர்கள் மட்டும் இந்த ஞாயிறே ஊறவைத்துவிடலாம். ஆங்கிலிக்கன் வழக்கப்படி அதற்கான நாள் போன ஞாயிறே போய்விட்டது.

அடுத்த மூன்று வாரம்

இரண்டாம் ஞாயிறு பழையதை ஏற்றியபின்பே புதியதை ஏற்ற வேண்டும். இலையை மூன்றாம் ஞாயிற்றுக்கு முன் ஒருமுறை மாற்றுங்கள். 2026-ல் அது டிசம்பர் 13, ரோஜா நிறத்தின் நாள். நடு வெள்ளை மெழுகுவத்தியைக் கிறிஸ்துமஸ் முந்திய இரவு ஏற்றி, ஆண்டவரின் திருமுழுக்கு விழா வரை வைத்துக்கொள்ளலாம்.

2028-க்கு இப்போதே ஒரு குறிப்பு: அந்த ஆண்டு நான்காம் ஞாயிறும் டிசம்பர் 24-உம் ஒரே நாள். காலையில் ஊதாத் துணியும் நான்காவது மெழுகுவத்தியும், மாலையில் வெள்ளைத் துணியும் பூவும் குடிலும். காலை அலங்காரக் குழுவே மாலையும் நின்றால் தாங்காது. இரண்டு குழுவாகப் பிரித்து, பிற்பகல் ஒரு மணிக்கு ஆலயச் சாவி யார் கையில் இருக்கும் என்பதையும் எழுதி வையுங்கள்.